கூகைக்கும் குருவிக்கும் ஓர் இல்லம்

கெடா மாநிலத்தின் கூலிம் மாவட்டத்தில் உள்ள கரங்கான் சிற்றூரைச் சுற்றிலும் தோட்டங்களே மிகுதி. மாஹாங், பாடாங் செராய், லூனாஸ் என எப்பக்கம் சென்றாலும், ஒரு காலத்தில் பால் மரங்கள் வரிசை வரிசையாக நின்ற நிலங்களைக் காணலாம். அவற்றுள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாக மாறியுள்ளன. 1996-ஆம் ஆண்டில் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. தோட்டத்து லயங்களை விட்டுத் தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பங்களும் பல.

மனிதர் இடம் மாறியதை நாம் அனைவரும் அறிவோம். அதே காலத்தில் பறவைகள் தம் இடத்தை இழந்ததை எண்ணிப் பார்ப்போர் சிலரே. முதிர்ந்த மரங்களில் பொந்துகள் இருந்தன. பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட பழைய லயத்து வீடுகளில் இடுக்குகள் இருந்தன. மரங்கள் வெட்டப்பட்டன, வீடுகள் கல்வீடுகளாயின. பறவைக்கு வேண்டிய புழுவும் பூச்சியும் எலியும் குறையவில்லை. முட்டையிடுவதற்கு இடம்தான் குறைந்தது.

இக்குறையை நாம் பெருஞ்செலவின்றிப் போக்க முடியும். கூடு கட்டும் பறவைக்கு நாம் அளிக்கக்கூடியவை மூன்று: தக்க இடம், இடையூறற்ற அமைதி, நஞ்சு கலவாத உணவு. இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் பயனற்றுப் போகும். இதனை நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் கூகையின் வரலாறு நன்கு விளக்குகிறது. ஆதலால் முதலில் கூகையைப் பற்றியும், பின்னர் வீட்டு முற்றத்துச் சிறு பறவைகளைப் பற்றியும் காண்போம்.

செம்பனையும் எலியும் கூகையும்

ஆந்தை இனத்தைச் சேர்ந்தது கூகை. வெண்மையான மார்பும், பொன்னிறமும் சாம்பல் நிறமும் கலந்த முதுகும், இதய வடிவமான முகமும் உடையது. மலாய் மொழியில் இதற்குப் 'புங்குக் ஜெலாப்பாங்' என்று பெயர். 'ஜெலாப்பாங்' என்றால் நெற்களஞ்சியம் என்பது பொருள். நாட்டின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற கெடாவுக்கு இப்பறவை மிகவும் பொருத்தமானதே.

எனினும் ஒரு காலத்தில் தீபகற்ப மலேசியாவில் கூகை அரிதாகவே காணப்பட்டது. 1968-ஆம் ஆண்டில் ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் அது கூடு கட்டியிருந்தது முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. செம்பனை பரவப் பரவக் கூகையும் பரவியது. இதற்குக் காரணம் எலியே.

செம்பனைத் தோட்டம் எலிக்கு நல்ல புகலிடம். வரிசைகளுக்கு இடையே அடுக்கப்படும் மட்டைகள் அதற்கு வீடாகின்றன; பழுத்த குலையும் உதிரிப் பழமும் உணவாகின்றன. 1981-ஆம் ஆண்டில் செம்பனைப் பூவின் மகரந்தச் சேர்க்கைக்காக ஆப்பிரிக்காவிலிருந்து ஒருவகை வண்டு நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டது. உலர்ந்த ஆண் பூக்களில் வளரும் அவ்வண்டின் புழுக்களையும் எலி விரும்பி உண்கிறது. எலியைக் கட்டுப்படுத்தாமல் விட்டால், விளைச்சலில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்கு வரை இழக்க நேரிடும் என்று ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர்.

இழப்பு தோட்டத்தோடு நிற்பதில்லை. எலி லயத்து வீடுகளுக்குள்ளும் புகுகின்றது. அரிசி மூட்டையைக் கடிக்கின்றது. அதன் சிறுநீர் கலந்த நீரும் ஈரமண்ணும் கால் புண்ணில் படுமானால் எலிக்காய்ச்சல் உண்டாகலாம். உயிரையே பறிக்கக்கூடிய நோய் அது. சேற்றிலும் ஈரப் புல்லிலும் நின்று வேலை செய்யும் தோட்டத் தொழிலாளருக்கு இவ்வச்சம் மிகுதி.

கூகையின் உணவோ பெரும்பாலும் எலியே. 1970-களின் பிற்பகுதியில் லெண்டன் என்னும் ஆய்வாளர் நம் நாட்டுத் தோட்டங்களில் கூகைகளை ஆராய்ந்தார். அவை உண்ட இரையில் ஏறத்தாழ முழுப்பங்கும் எலிகளே என்று கண்டார். வளர்ந்த கூகை ஒன்று ஓர் இரவில் ஒன்றிரண்டு எலிகளைத் தின்னும். குஞ்சுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒரு கூகைக் குடும்பம் ஓராண்டில் தின்னும் எலிகள் ஆயிரத்தை எட்டக்கூடும்.

இத்துணை உணவு இருந்தும், செம்பனைத் தோட்டத்தில் கூகைக்கு ஒரு குறை இருந்தது. செம்பனை மரத்தில் அது முட்டையிடத் தக்க பெரிய பொந்து இல்லை. தானாகக் கூடு பின்னும் பழக்கமும் கூகைக்கு இல்லை. ஆகவே அது கட்டடங்களின் கூரைக்கு அடியிலே ஒதுங்கியது. மரப்பெட்டி ஒன்றைக் கம்பத்தின்மேல் பொருத்தி நிறுத்தினால் கூகை அதில் குடியேறும் என்பது கண்டறியப்பட்ட பின்னர், நாட்டின் பல தோட்டங்களில் கூகைப் பெட்டிகள் நிறுத்தப்பட்டன. கெடாவின் மூடா நெல்வயல்களிலும் இம்முறை கையாளப்பட்டது.

அஞ்சத் தக்க பறவையா?

நம்மவர் பலர் கூகையின் குரலைக் கேட்டால் அஞ்சுகின்றனர். வீட்டருகே அது அலறினால் இறப்பு நேரும் என்று பெரியோர் சிலர் கூறுவர். மலாய்க்காரர்களும் ஆந்தையைப் 'பூரோங் ஹந்து', அதாவது பேய்ப்பறவை என்றே அழைக்கின்றனர். இவ்வச்சத்தால் கூகையைக் கல்லெறிந்து விரட்டுவோரும் உண்டு.

இந்த அச்சம் எங்கிருந்து பிறந்தது என்பதை ஆராய்ந்தால், அது பறவையின் உடலமைப்பிலிருந்தே பிறந்தது என்பது புலனாகும். கூகையின் இறகு ஓரங்கள் சீப்பின் பற்களைப் போன்று மெல்லியன. ஆதலால் அது பறக்கும்போது ஓசை எழுவதில்லை. இருளில் வெள்ளை உருவம் ஒன்று ஓசையின்றித் தலைக்கு மேலே கடந்து சென்றால் யார்தான் திடுக்கிடமாட்டார்? கூகை மற்ற ஆந்தைகளைப் போன்று விட்டு விட்டுக் கூவுவதில்லை, கிறீச்சிட்டு அலறுகிறது. அதன் குஞ்சுகள் பசியால் எழுப்பும் ஓசை, உறங்குபவர் மூச்சு இழுப்பதைப் போன்று இருக்கும். பாழடைந்த வீட்டிலிருந்து இவ்வொலி வந்தால் பேய் என்று எண்ணுவது இயல்பே.

ஓசையற்ற சிறகு எலியின் காதை ஏமாற்றுவதற்காக அமைந்தது. முகத்தின் இதய வடிவம் ஒலியைத் திரட்டிச் செவிகளுக்கு அனுப்புவதற்காக அமைந்தது. அதன் இரு செவித் துளைகளும் ஒரே மட்டத்தில் இல்லை. ஒன்று சற்று உயர்ந்தும் மற்றொன்று சற்றுத் தாழ்ந்தும் உள்ளன. ஆதலால் காரிருளிலும் எலியின் சிறு சலசலப்பைக் கேட்டு அது இருக்குமிடத்தைத் துல்லியமாக அறிகின்றது. நம் வீட்டில் நேரும் பிறப்பும் இறப்பும் அதற்குத் தெரியா.

தமிழர் கூகையைத் தீக்குறியாக மட்டும் கண்டாரல்லர். சங்கப் புலவர் ஒருவருக்குக் கூகைக் கோழியார் என்பதே பெயர். திருவள்ளுவரும் காலமறிதலை விளக்கும்போது, பகலில் காக்கையிடம் தோற்கும் கூகையை எடுத்துக்காட்டினார். வங்காளத்தில் இப்பறவையைத் திருமகளின் ஊர்தியாகப் போற்றுகின்றனர். அது வீட்டுக்கு வருதல் செல்வத்தின் அடையாளம் என்பது அங்குள்ள நம்பிக்கை. ஒரே பறவையை ஓரிடத்தில் இறப்பின் தூதாகவும் மற்றோரிடத்தில் செல்வத்தின் தூதாகவும் கருதுகின்றனர் என்றால், குறை பறவையிடத்தில் இல்லை என்பது தெளிவு. ஜோர்டான் நாட்டு உழவர்களும் ஆந்தையைத் தீக்குறியாகவே எண்ணியிருந்தனர். எலியை ஒழிப்பதில் அதன் பயனைக் கண்ட பின்னர், இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அவர்களுள் பலர் தம் வயல்களில் கூகைப் பெட்டிகளை வைத்து வருகின்றனர்.

கூகைப் பெட்டி செய்யும் முறை

பெட்டியைத் தோட்டத்தில் நிறுத்துவதற்கு நிருவாகத்தின் அனுமதி தேவை. அனுமதி பெற்ற பின்னர், இளைஞர்கள் கூடிக் கோத்தோங் ரோயோங் முறையில் ஒரே நாளில் இதனைச் செய்து முடிக்கலாம்.

1. அளவு: நீளம் 3 அடி, அகலம் ஒன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. மழையைத் தாங்கும் பலகை வேண்டும். பழைய பலகையும் போதும்.

2. வாயில்: 9 அங்குலச் சதுரமான வாயிலை, அடிப்பலகைக்கு 4 அங்குலம் மேலே ஓர் ஓரமாக வெட்டுக. வாயில் தரையோடு ஒட்டியிருந்தால் குஞ்சுகள் தவறிக் கீழே விழும்.

3. தடுப்பு: பெட்டியின் உள்ளே ஒரு தடுப்புப் பலகை வைத்து இரண்டு அறைகளாக்குக. தடுப்பின் ஒரு பக்கத்தில் கூகை நுழைய வழி விடுக. உள்ளறை இருட்டாக இருத்தல் வேண்டும். பகலில் கூகையைக் கண்டால் காக்கைகள் கூடித் துன்புறுத்தும். இருட்டறையே அதற்குக் காப்பு.

4. கூரை: கூரை சரிவாகவும், வாயிலுக்கு மேல் அரை அடி நீண்டும் இருக்கட்டும். தகரம் போட்டால் பலகைக்கும் தகரத்துக்கும் இடையே காற்றோட்டத்துக்கு இடைவெளி வேண்டும். இல்லையேல் நண்பகல் வெயிலில் குஞ்சுகள் வெந்துவிடும்.

5. துளைகள்: பக்கப் பலகைகளின் மேற்பகுதியில் காற்றுத் துளைகளும், அடிப்பலகையில் நீர் வடியும் துளைகளும் இடுக. பின்பக்கம் திறந்து மூடும் கதவு ஒன்று இருந்தால் துப்புரவு செய்ய எளிது.

6. கம்பம்: நிலத்துக்கு மேல் 12 முதல் 15 அடி உயரம் இருக்கும்படி கம்பத்தை நடுக. 5 அடி உயரத்தில் இரண்டு அடி அகலமுள்ள வழவழப்பான தகரத்தைச் சுற்றுக. மரநாய், உடும்பு போன்றவை ஏறாமல் இது தடுக்கும். அருகிலுள்ள மட்டை பெட்டியைத் தொடாதவாறு வெட்டிவிடுக.

7. இடம்: தோட்டத்துப் பாதையின் ஓரம் ஏற்றது. வீடுகளுக்கு மிக அருகில் வேண்டா. குஞ்சுகளின் இரவுக் கூச்சலும் எச்சத்தின் வாடையும் தொல்லையாகும். வாயில் மாலை வெயிலை நோக்காதிருத்தல் நலம். தொடக்கத்தில் 10 ஹெக்டருக்கு, அதாவது ஏறத்தாழ 25 ஏக்கருக்கு, ஒரு பெட்டி போதும்.

பெட்டி வைத்த மறுநாளே கூகை வந்துவிடும் என்று எதிர்பார்க்கலாகாது. சில திங்கள் ஆகலாம், ஓராண்டும் ஆகலாம். வந்த பின்னர்ப் பெரும்பாலும் 4 முதல் 7 முட்டைகள் வரை இடும். முதல் முட்டை இட்டவுடனேயே பெண் கூகை அடைகாக்கத் தொடங்கும். முப்பது நாள் அளவில் முதற்குஞ்சு வெளிவரும். மற்றவை ஒன்றன்பின் ஒன்றாகப் பொரிக்கும். ஆகவே ஒரே கூட்டில் பெரிய குஞ்சும் சிறிய குஞ்சும் ஒருங்கே இருக்கும். உணவு குறைந்தால் கடைசிக் குஞ்சு பிழைப்பது அரிது. குஞ்சுகள் கூட்டை விட்டுப் பறக்க இரண்டு திங்களாகும். அதுவரை எவரும் பெட்டியைத் திறத்தல் கூடாது.

நஞ்சினால் நேரும் கேடு

பெட்டியும் வைத்து, அருகிலேயே கடும் நஞ்சும் வைத்தால் யாது நேரும் என்பதை நம் நாட்டு அனுபவமே கூறுகின்றது. எலியைக் கொல்லத் தோட்டங்களில் முதலில் வார்பரின் என்னும் மருந்து கலந்த கட்டிகள் வைக்கப்பட்டன. பின்னர் அதற்குச் சாகாத எலிகள் தோன்றின. அதனால் 1980-களில் புரோடிபாக்கும் போன்ற, அதனினும் கடுமையான மருந்துகள் வந்தன. அவ்வாறு மருந்து மாற்றப்பட்ட ஒரு தோட்டத்தில், பெருகியிருந்த கூகைகளுள் மிகப் பெரும்பாலானவை மறைந்துபோன செய்தியை 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று தெரிவித்தது.

காரணம் எளிது. நஞ்சுண்ட எலி உடனே சாவதில்லை. சில நாள் தளர்ந்து திரிகின்றது. அத்தகைய எலியே கூகையிடம் எளிதில் அகப்படுகின்றது. எலியின் ஈரலில் தங்கிய நஞ்சு கூகையின் உடலில் சேர்ந்து, உள்ளே குருதி கசிந்து அது இறக்கின்றது. கூகை போனபின் எலி விரைவில் பெருகும். மீண்டும் நஞ்சு வைக்க வேண்டியதாகும்.

கூகை எலியை அறவே ஒழித்துவிடும் என்று கூறுவதற்கில்லை. எலி மிகுந்துவிட்ட தோட்டத்தில் மருந்தும் தேவைப்படலாம். எம்மருந்தை எப்போது வைப்பது என்று முடிவு செய்வது நிருவாகத்தின் பொறுப்பு. ஆயினும் பெட்டி உள்ள பகுதியில் கடுமை குறைந்த மருந்தைப் பயன்படுத்துமாறும், குஞ்சுகள் உள்ள காலத்தில் மருந்து வைப்பதைத் தவிர்க்குமாறும் தொழிலாளர் கேட்டுக்கொள்ளலாம். செத்த எலியைக் கண்டால் கையுறை அணிந்து எடுத்துப் புதைத்துவிட வேண்டும். வீட்டில் எலித்தொல்லை இருப்பின் நஞ்சுக்கு மாறாகப் பொறியைக் கையாளலாம். அரிசியையும் குப்பையையும் மூடி வைப்பதும், ஈரமான இடங்களில் காலணி அணிவதும் கூகை இருந்தாலும் விடத்தகாத பழக்கங்களாகும்.

வீட்டு முற்றத்துப் பறவைகள்

கூகைக்குக் கூறிய மூன்று தேவைகளும் சிறு பறவைகளுக்கும் பொருந்தும். அவற்றுள் பொந்தை நாடுவன சில. தாமே கூடு கட்டுவன பல.

பொந்தை நாடுவனவற்றுள் சிறந்தது முராய். கறுப்பும் வெள்ளையும் கலந்த இச்சிறு பறவையைத் தமிழில் குண்டுக்கரிச்சான் என்பர். விடியற்காலையில் கூரை உச்சியில் அமர்ந்து இனிமையாகப் பாடும். புழு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதன் பாட்டே அதற்குப் பகையாயிற்று. கூண்டில் அடைத்து விற்பதற்காக ஆயிரக்கணக்கில் பிடித்துக் கடத்துகின்றனர். இதற்குப் பெட்டி செய்வது எளிது. அடிப்பலகை 6 அங்குலச் சதுரம், உயரம் 10 அங்குலம். தரையிலிருந்து 6 அங்குலம் மேலே 2 அங்குலம் அகலமுள்ள வட்டத் துளை. துளைக்கு வெளியே குச்சி வேண்டா. அது பகைக்கே உதவும். நிழலான சுவரிலோ மரத்திலோ 7 அடி உயரத்துக்குக் குறையாமல் பொருத்துக. மைனா முந்திக்கொண்டு குடியேற முயலலாம். ஆதலால் துளையைப் பெரிதாக்குதல் கூடாது.

தாமே கூடு கட்டும் பறவைகளுக்குப் பெட்டி தேவையில்லை. செடி கொடிகளே போதும். கொண்டைக்குருவி வேலிச் செடியிலும் பூந்தொட்டியிலும் கிண்ணம் போன்ற கூடு கட்டும். தையல்சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைத் தைத்து அதனுள் கூடு அமைக்கும். தேன்சிட்டு, துணி காயவைக்கும் கம்பியிலும் கூடப் பை போன்ற கூட்டைத் தொங்கவிடும். புறாக்கள் சில குச்சிகளை அடுக்கி அதன்மேல் இரண்டு முட்டைகள் இடும். வீட்டைச் சுற்றிச் செம்பருத்தி, முருங்கை, கறிவேப்பிலை போன்றவற்றை வளர்த்தால் இவை தாமே வரும்.

இவற்றுக்கு நாம் செய்ய வேண்டியவை வருமாறு:

வேலியை வெட்டுமுன் கூடு உண்டா என்று பார்க்க வேண்டும். இருப்பின் குஞ்சுகள் பறந்து செல்லும்வரை பொறுத்து வெட்டலாம்.

கூடுள்ள செடியில் பூச்சிமருந்து தெளிக்கலாகாது. தேனும் பழமும் உண்ணும் பறவைகளும் தம் குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டுகின்றன.

பூனையை இரவிலும் விடியற்காலையிலும் வீட்டுக்குள் வைத்திருத்தல் நலம்.

பறவைக்கு நீர் வைப்போர் நாள்தோறும் தட்டைக் கழுவிப் புதுநீர் ஊற்ற வேண்டும். நீர் ஒரு வாரம் தேங்கினால் ஏடிஸ் கொசு பெருகி டெங்கிக் காய்ச்சலுக்கு இடமாகும்.

இறகு முளைக்காத குஞ்சு கீழே விழுந்திருந்தால் மெல்ல எடுத்துக் கூட்டில் வைக்கலாம். மனிதர் கை பட்டால் தாய்ப்பறவை குஞ்சை ஒதுக்கிவிடும் என்பது தவறான எண்ணம். இறகு முளைத்துத் தத்தித் தத்தி நடக்கும் குஞ்சை எடுக்க வேண்டா. பெற்றோர் அருகிலேயே இருந்து இரை ஊட்டும்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாற்றாக 2010-ஆம் ஆண்டில் புதிய வனவிலங்குச் சட்டம் இயற்றப்பட்டது. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வளர்ப்பதும், அவற்றின் கூட்டையோ முட்டையையோ எடுப்பதும் குற்றமாகும். ஐயமிருப்பின் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையினரை அணுகலாம்.

மாணவர்க்கு ஒரு பயிற்சி

கூகை எலியை முழுதாக விழுங்கும். செரிக்காத மயிரையும் எலும்பையும் உருண்டையாக்கி வாய்வழியே வெளியேற்றும். பெட்டியின் அடியில் இவ்வுருண்டைகள் கிடக்கும். ஆசிரியர் துணையுடன் கையுறை அணிந்து சிலவற்றைச் சேகரித்து, வெயிலில் நன்கு உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்துக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். எத்தனை எலி மண்டையோடுகள் உள்ளன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர்க் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். பத்து உருண்டைகளில் கண்ட எண்ணிக்கையை ஒரு தாளில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்டுங்கள். கூகை யாருக்கு எமன் என்பதை அத்தாளே கூறும்.

தோட்டத்திலும் தாமானிலும் வாழும் பெற்றோர் இவ்வாண்டு ஒரு பெட்டியையேனும் பிள்ளைகளோடு சேர்ந்து செய்யலாம். இரவில் கூகை அலறும்போது அஞ்சும் பிள்ளையிடம், அது எலி தேடி வந்திருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். அச்சம் நீங்கிய பிள்ளை கல்லெடுக்க மாட்டான். கூகையும் குருவியும் நம்மிடம் கேட்பது அவ்வளவே.